டேப் ஒட்டிய லென்ஸ்

சூரியன் எழாத துருவக் குளிர்காலம்; நண்பகலிலும் ட்ரோம்சோ துறைமுகத்தில் நீல இருட்டுதான். மீன்பிடிக் கப்பலில் ஏறப்போகும் தம்பி ஸிந்த்ரேயின் முகத்தை மிக அருகில் நின்று படமெடுக்கிறாள் ராக்ன்ஹில்ட். கேமராத் திரையில் பின்னாலிருக்கும் மலை தெளிவாக இருக்கிறது, முகம் கலங்கிக் கிடக்கிறது. நேற்றிரவு வானில் துருவ ஒளியை எடுப்பதற்காக லென்ஸ் வளையத்தைத் தொலைதூரத்துக்குத் திருப்பி, அசையாமல் டேப் ஒட்டியவள் அவளேதான். "உன் கேமராவுக்கு என்னைவிட மலையத்தான் பிடிச்சிருக்குக்கா." "வாய மூடிட்டு நில்லுடா. நாலு மாசம் இந்த மூஞ்சிய எங்க போய்ப் பாக்குறது?" உறைந்த டேப்பைப் பல்லால் கடித்து இழுக்கிறாள். கப்பலின் சங்கு ஊதுகிறது. அக்காவின் தொப்பியை அவள் கண்வரை இழுத்துவிட்டு ஸிந்த்ரே ஓடி ஏறுகிறான். டேப் கையோடு வரும்போது கப்பல் நகர்ந்துவிட்டது. அகலக்கோண லென்ஸ், ஜூம் கிடையாது. கப்பலிலிருந்து கையசைப்பவன் படத்தில் அரிசியளவுதான் தெரிகிறான். அவள் எடுத்துக்கொண்டே இருக்கிறாள்.