முழங்கை உயரம்

சிங்கப்பூரின் பாசிர் ரிஸ் பேட்டையில், அந்த வீட்டுக் கூடத்தில் அன்று மூன்று பேர் இருந்தார்கள். கைவைத்த ஒரே மெத்தை நாற்காலியில் வீட்டுக்காரர் முத்தையா. சமையலறை வாசலோரம் ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் அவர் மனைவி சரஸ்வதி. இருவருக்கும் நடுவே, சாப்பாட்டு மேசைப் பெஞ்சில், அளவு நாடாவும் நோட்டுமாக ஷபானா.

ஷபானா வீடுகளின் உட்புறத்தை வடிவமைத்துக் கொடுப்பவள். ஒரு வீட்டைப் பார்த்த மாத்திரத்தில் அதில் வாழ்கிறவர்கள் யார் என்று தெரிந்துவிட வேண்டும் என்பது அவள் பிடிவாதம். அதனால் சமையலறைக்குப் படம் வரையும் முன், சமைக்கிறவரைச் சுவரோரம் நிறுத்தித் தரையிலிருந்து முழங்கை வரை அளப்பாள். அதில் கொஞ்சம் கழித்தால் சமையல் மேடையின் உயரம் கிடைத்துவிடும்.

சரஸ்வதியை எழுந்து நிற்கச் சொன்னாள். அந்த அம்மாள் எழுந்திருக்கவில்லை.

"என்னை விடுங்கம்மா. அவரை அளங்க."

ஷபானா அதை வேடிக்கைப் பேச்சு என்றுதான் எடுத்துக்கொண்டாள். சரஸ்வதி நல்ல உயரம். முத்தையா மனைவியின் தோளுக்குத்தான் வருவார். கல்யாண ஆல்பத்தில் இருவரும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் உட்கார்ந்த படம்தான் என்று சரஸ்வதியே சொல்லிச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், கணவரை அளக்கும்படி மறுபடியும் சொன்னார்.

சட்டை தைக்க அளவு கொடுப்பவரைப் போல முத்தையா வந்து நின்றார். கணக்குப் போட்டதில் மேடைக்கு எண்பத்திரண்டு சென்டிமீட்டர் வந்தது. சரஸ்வதிக்கென்றால் தொண்ணூற்று நான்காவது வேண்டியிருக்கும். கண்ணால் பார்த்தே ஷபானாவுக்குத் தெரிந்தது.

பிறகு சரஸ்வதி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். மேல் அலமாரிகள் முத்தையாவின் கைக்கு எட்ட வேண்டும். கேஸ் வேண்டாம், தானாக அணைகிற மின்சார அடுப்பு போதும். டப்பாக்களில் என்ன இருக்கிறது என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்ட வேண்டும். முப்பத்தொரு வருஷமாக அதே சமையலறையில் புழங்குகிறவருக்கு உளுந்து எது, துவரை எது என்று எதற்கு எழுதி ஒட்டுவது? ஷபானாவுக்கு விளங்கவில்லை.

முத்தையாவைக் கேட்டாள். அவர் ஜன்னலைப் பார்த்தபடி, "அவ சொல்றபடியே செஞ்சிடுங்க" என்றதோடு சரி.

ஷபானாவுக்குச் சுருக்கென்றது. பார்த்தால் ஒரு டம்ளர்கூடக் கழுவி வைத்திராத மனிதர் போலத் தெரிகிறது. அவருக்குச் சமையலறைகூடத் தன் அளவுக்குத்தான் இருக்க வேண்டுமாக்கும்.

வழியனுப்ப வாசல்வரை வந்த சரஸ்வதியிடம் அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"குனிஞ்சு குனிஞ்சு சமைச்சா முதுகு போயிடும் லா, ஆன்ட்டி. உங்களுக்குன்னு ஒண்ணுமே கேட்கலையே?"

"அவருக்குத் தோதா இருந்தாப் போதும்மா," என்றார் சரஸ்வதி. வேலை தீபாவளிக்குள் முடிந்துவிடுமா என்று மட்டும் விசாரித்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம் முத்தையா தனியாக வந்தார். ஷபானாவின் அலுவலகம் டன்லப் ஸ்ட்ரீட்டில் ஒரு கடையின் மாடியில். மேடையும் அலமாரியும் செய்கிற உட்லண்ட்ஸ் பட்டறைக்கு அவள் அளவுகளைக் கடிதமாகத்தான் அனுப்புவாள். வீட்டுக்காரர் கையெழுத்து இருந்தால் பின்னால் பேச்சு வராது. கையெழுத்துப் போட வந்தவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, மேடையை மட்டும் உயர்த்த முடியுமா என்றார்.

"எவ்வளவு, அங்கிள்?"

"அவ உயரத்துக்கு."

ஷபானாவுக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. இரண்டு நாளாக இந்த மனிதரை மனசுக்குள் திட்டியதற்கு வெட்கமாகவும் இருந்தது. அப்படி வைத்தால் அவர் நிற்கும்போது மேடை முழங்கைக்கு வந்துவிடுமே என்றாள். கீழே பலகை போட்டு நின்றுகொள்வாராம். சரஸ்வதிக்கு மட்டும் இது தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

"பொருத்தினப்புறம் அவ கேட்டா, நீங்கதான் தப்பா அளந்துட்டீங்கன்னு சொல்லிடுவேன். கோவிச்சுக்காதீங்க."

மனைவியை அசத்தப் பார்க்கிறார் என்று நினைத்து ஷபானா சந்தோஷமாகத் தலையாட்டினாள். தொண்ணூற்று நான்கு என்று திருத்தி, கடிதத்தைப் புதிதாக அச்சடித்தாள். அவர் கையெழுத்துப் போட்டார். மடித்து உறையிலிட்டு ஒட்டி, தபால்தலை வைத்து, அவருடனேயே படியிறங்கித் தெருமுனைத் தபால் பெட்டிவரை போனாள்.

உறையைப் பெட்டியின் வாயில் பாதி நுழைத்துக்கொண்டே, "இனிமே ஆன்ட்டி குனியாம சமைக்கலாம், அங்கிள்," என்றாள்.

முத்தையா பேனாவைச் சட்டைப் பையில் செருகினார்.

"சமைக்கப்போறது நான்தாம்மா. டாக்டர் அவளுக்கு ஜனவரி வரைக்கும்தான் சொல்லியிருக்காங்க. அது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு, நான் தனியாப் புழங்குறதுக்கு எல்லாத்தையும் ஒழுங்கு பண்ணிக்கிட்டிருக்கா."

ஷபானாவின் விரல்கள் உறையை விடவில்லை. மேலே போய்ப் பழைய அளவையே எழுதிக்கொண்டு வந்துவிடட்டுமா என்று கேட்டாள். அவர்தான் கை நீட்டி உறையை மெல்ல உள்ளே தள்ளினார்.

"வேணாம்மா. அவ உயரமாவது வீட்டுல இருக்கட்டும்."