குப்பண்ணன் போட்ட மண்ணாங்கட்டி

"பாருங்க, மறுபடியும் போட்டுட்டான்!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

கிணற்றுக்குள் மண்ணாங்கட்டி தொப்பென்று விழுந்தது. அடுத்த நொடியே கருப்புசாமி, கிணற்றுக்கு மேலே நீட்டியிருந்த பலகையின் நுனியிலிருந்து எம்பி, காற்றில் ஒரு புரட்டுப் புரண்டு, தலைகீழாகத் தண்ணீருக்குள் போனான்.

எறிந்தவன் குப்பண்ணன். வருஷா வருஷம் மாரியம்மன் நோம்பித் திருவிழாவில் நடக்கும் கிணற்றுக் குதிப் பந்தயத்தில் கருப்புசாமியிடம் தோற்கிறவன். மூன்று வருஷமாக அவனுக்கு இதே வேலை. கருப்புசாமி பலகையில் ஏறினால் போதும், இவன் கையில் மண்ணாங்கட்டி முளைத்துவிடும். தோற்றவன் வயிறு எரியத்தானே செய்யும்!

ஆனால் இந்த வருஷம் விஷயம் பெரிது. கோயமுத்தூரிலிருந்து ஒருவர் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இந்த எருத்தேன்பதி ஊர்ப் பந்தயத்தில் ஜெயிக்கிறவனை மதராசுக்குக் கூட்டிப் போவாராம். அங்கே துரைமார் கிளப்பில் பலகையே துள்ளி ஆளைத் தூக்கி எறியுமாம்.

ஆளுக்கு மூன்று குதி. கருப்புசாமிக்கு இன்னும் ஒன்று பாக்கி.

பாறையை வெட்டித் தோண்டிய கிணறு அது. பலகைக்குக் கீழே நாலாள் உயரத்தில் தண்ணீர். ஒரு முழம் தவறினால் பாறைதான்.

கருப்புசாமியின் பெண்டாட்டி நாச்சம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கிணற்றுக்காரர் பொங்கியண்ணனிடம் ஓடினாள்.

"பண்ணாடி, எம் புருசனெக் கொல்லப் பாக்கறானுங்க அவன்! கவனந் தப்புச்சுன்னா மண்டை சிதறீருமுங்க. அவனெத் தொரத்துங்க!"

பொங்கியண்ணன் எழுந்தார். "டேய் குப்பா, போடா ஊட்டுக்கு!"

"நான் போயிட்டா அவனால..." குப்பண்ணன் பாதியில் நிறுத்திக் கருப்புசாமியைப் பார்த்தான்.

அப்போதுதான் கரையேறிய கருப்புசாமி தலையைக் குனிந்து துண்டைப் பிழிந்துகொண்டிருந்தான்.

நாலு பேர் குப்பண்ணனைத் தள்ளிக்கொண்டு போய் வரப்பில் விட்டார்கள். நாச்சம்மாளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கருப்புசாமி கடைசிக் குதிக்குப் பலகை ஏறினான்.

உச்சி வெயில். காற்றே இல்லை. கிணற்றுக்குள் ஒரு சலனமும் இல்லை.

நின்றான். நின்றுகொண்டே இருந்தான்.

"குதிடா!"

குனிந்து கீழே உற்று உற்றுப் பார்த்தான். கோயமுத்தூர்க்காரர் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார்.

"பயந்துட்டானாட்ட இருக்குது!" என்று யாரோ சிரித்தார்கள்.

நாச்சம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. "ஏனுங்க மாமா, அந்தப் பாவிதான் போயிட்டானல்லொ! இன்னி என்னுங்க பயம்? குதீங்க!"

கருப்புசாமி ஒரு காலை முன்னால் வைத்தான். சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டான். பிறகு இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். முகத்தில் ரத்தமே இல்லை.

மதராசு போகும் வாய்ப்பு போனது. கோயமுத்தூர்க்காரர் காதில் விழுமே என்றுகூட அவன் பார்க்கவில்லை.

"அந்தக் குப்பண்ணனெக் கூப்புடு நாச்சா," என்றான். "தண்ணி எது, பாறை எதுன்னு எனக்குக் கண்ணுக்குத் தெரியாமப் போயி மூணு வருசமாச்சு. அவன் கட்டியப் போட்டு அலை எந்திரிச்சாத்தான், எங்க குதிக்கோணும்னே எனக்குத் தெரியும்!"