ஊறல் தொட்டி

இறந்தவர் உடுத்திய பருத்தித் துணியை நாற்காலியாக வார்த்துத் தரும் பட்டறையில், ஊறல் தொட்டி தவமணியின் பொறுப்பு. காஸ்டிக் சோடாவில் ஊறிய நூல்தான் பிசினைக் கெட்டியாகப் பிடிக்கும். துணியின் வாசமெல்லாம் அதோடு போய்விடும்.

“எம்பட வீட்டுக்காரி சேலைங்க. ஊறப்போட வேண்டாமுங்க,” என்றார் துணிமூட்டையோடு வந்த குப்புராஜ்.

“ரெண்டு மாசத்துல ஒடஞ்சு போயிருமுங்க.”

“போனாப் போவுதுங்க.”

மனுசனுக்குக் கிறுக்கு என்று நினைத்தபடியே தவமணி செய்து கொடுத்தாள்.

அந்த வாரமே அவள் கணவன் மாரடைப்பில் போய்விட்டான். வெங்காய மண்டி வாடையடிக்கும் அவன் சட்டைகளை, எல்லாருக்கும் போடுவதைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகவே ஊறவைத்தாள். அவனுக்குச் செய்வது உறுதியாக இருக்க வேண்டாமா?

இரண்டு மாதம் கழித்து உடைந்த நாற்காலியோடு குப்புராஜ் வந்தார். திட்டப்போகிறார் என்று தவமணி பயந்தாள்.

“ரெண்டு மாசமும் அவ பக்கத்துலயே இருந்தாப்பல இருந்துச்சுங்க. இன்னொரு சேலை இருக்குது. அதே மாதிரி போட்டுக் குடுங்க.”

வீட்டுக்குப் போனதும் கணவனின் நாற்காலியில் முகத்தைப் புதைத்தாள். வெங்காய வாடை துளிகூட இல்லை. நாற்காலி மட்டும் கல்லாட்டம் இருந்தது. அவள் காலத்துக்குப் பிறகும் அது உடையாது.