மான் மிரளக் கூடாது

“அண்ணி, இருட்டப்போகுது. டிராக்டரை எடுத்துட்டுப் போய் அண்ணனைக் கூட்டிட்டு வரட்டுமா?” என்றான் கர்ட்.

“வேண்டாம்ப்பா.” உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டிருந்தாள் ட்ரூடி. “அவர் மரத்து மேலேருந்து தொப்பியை ஆட்டினாத்தான் போகணும். முன்னாடியே போய் மான் மிரண்டுச்சுன்னா வீட்டையே ரெண்டாக்கிடுவார்.”

கர்ட் சிரித்தான். “அது சரி. குடுங்க, நான் மசிக்கறேன். போன வருஷம் ஏணியிலேருந்து விழுந்தீங்களே, அந்த விரல் இன்னும் நேராகலையே.”

“இனிமே எங்க நேராகப்போகுது?”

ஜன்னலுக்கு வெளியே, அறுவடை முடிந்த சோயா வயலில் மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. வயலோரத்து மரத்தில் வேட்டைக்காகக் கட்டிய இருக்கையில் அவள் கணவன் ஹார்லனின் ஆரஞ்சுச் சட்டை தெரிந்தது. அதற்கு நேர் கீழே, கொம்பு விரிந்த கலைமான் ஒன்று வந்து நின்றது.

“அண்ணி, அண்ணன் வருஷக்கணக்கா தேடற மான் அது! ஏன் சுடாம இருக்கார்?”

கர்ட் கதவைத் திறந்துகொண்டு ஓடினான். மான்கள் சிதறின. ஆரஞ்சுச் சட்டை அசையவில்லை.

திரும்பி வந்தபோது அவன் கையில் அண்ணனின் தொப்பி இருந்தது.

“அண்ணன் போயிட்டார் அண்ணி. உடம்பு சில்லுன்னு ஆயிடுச்சு. மாரடைப்பா இருக்கும். இது மரத்தடியில கிடந்துச்சு. அவர் ஆட்டவே இல்லையா?”

“ஆட்டினார். மத்தியானம். ரொம்ப நேரம் ஆட்டினார்.”

“பார்த்துட்டுமா சும்மா இருந்தீங்க?”

“வயல்ல மான் நின்னுச்சு.” ட்ரூடி கோணல் விரலைத் துணியில் துடைத்துக்கொண்டாள். “போன வருஷம் நான் ஏணியிலேருந்து விழல, கர்ட். ஒரு மானை மிரள வச்சுட்டேன்.”