மஞ்சள் பொத்தான்

அமெரிக்காவின் அயோவாவில், ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் புறாக்களைப் பழக்குவது வெர்னாவின் வேலை. திரையில் இரண்டு முகங்கள் தெரியும். இரண்டும் ஒரே ஆள் என்றால் புறா பச்சைப் பொத்தானைக் கொத்த வேண்டும். வேறு வேறு ஆள் என்றால் மஞ்சள். தாடி வைத்தாலும் தொப்பி போட்டாலும் அவை ஏமாறுவதில்லை.

ஜனவரியில் அவள் கணவன் எல்டன் மீன் பிடிக்கப் போய், உறைந்த ஏரியின் பனிக்கட்டி உடைந்து உள்ளே விழுந்தான். வெளியே எடுத்தபோது மூச்சில்லை. ஆஸ்பத்திரியில் எப்படியோ பிழைத்துக்கொண்டான். பகலில் வேலை, இரவில் பணிவிடை என்று வெர்னா நைந்துபோனாள்.

ஒரு நாள் மதியம், விபத்துக்கு முன் எடுத்த அவன் படத்தையும் பிறகு எடுத்ததையும் சும்மா திரையில் போட்டுப் பார்த்தாள். புறா மஞ்சளைக் கொத்தியது. வேறு புறாவை விட்டாள். அதுவும் மஞ்சள். கூடத்திலிருந்த அத்தனை புறாக்களும் மஞ்சளையே கொத்தின.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?" என்றாள் கூட வேலை செய்யும் கார்லா.

"தூக்கமில்லடி, வேற ஒண்ணுமில்ல." படங்களை அழித்துவிட்டு வெர்னா கிளம்பினாள்.

வீட்டில் எல்டன் சூப் வைத்திருந்தான். கல்யாணமான நாளிலிருந்து அடுப்புப் பக்கம் போகாதவன். அவளை உட்காரவைத்து, ஷூவைக் கழற்றி, வீங்கிய பாதம் ஒன்றை மடியில் வைத்துப் பிடித்துவிட்டான்.

"புறா என்ன சொல்லுச்சு?" என்று கேட்டான்.

அவன் படங்களைப் புறாக்களுக்குக் காட்டியதை அவள் யாரிடமும் மூச்சுவிட்டிருக்கவில்லை.

"ஒரே ஆளுதான்னு சொல்லுச்சு" என்றாள். பிறகு மற்ற காலையும் தூக்கி அவன் மடியில் வைத்தாள்.