வெள்ளைச்சியின் கன்னம்

மறுநாள் கண்காட்சி. மரக்கடையில் வண்டி இழுக்கும் இரண்டு குதிரைகளை முடி முடியாகப் பேஸ்டல் என்ற வண்ணச் சுண்ணக்கட்டியால் வரைந்து முடித்திருந்தாள் ஓவியக்காரி. அதைச் சட்டம் போட எடுத்துப்போன புருஷன் திருதிருவென்று விழித்தபடி திரும்பி வந்தான். படத்தில் வெள்ளைக் குதிரையான வெள்ளைச்சியின் கன்னம் முழுக்க ஈஷியிருந்தது.

"ஐயோ! தொட்டாலே கலைஞ்சுடும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே! எவன் கை வெச்சான்?"

"கை வைக்கல. முத்தம் குடுத்துட்டான்."

"முத்தமா? யாரு அந்த அதிகப்பிரசங்கி?"

"மரக்கடையில வேலை பாக்கறவன்தான். போற வழியில காட்டினேன். அவன் ஜோடி ஒரு மாசமா வெளியூர்ல இருக்கா. படத்தைப் பாத்ததும் உருகிட்டான், பாவம்."

"அதுக்கு என் குதிரையையா கொஞ்சுவான்? வாங்க, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்!"

மூச்சிரைக்க மரக்கடைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வண்டியில் ஒற்றையாகப் பூட்டியிருந்த கறுப்புக் குதிரை அவளைத் திரும்பிப் பார்த்தது. அதன் மூக்கெல்லாம் வெள்ளைப் பொடி.

கோபம் போன இடம் தெரியவில்லை. "என் படத்தை நிஜம்னு நம்பிடுச்சுங்க!" என்று சின்னப்பிள்ளை மாதிரி குதித்தாள்.

"கன்னத்தைச் சரி பண்ண இன்னும் நேரமிருக்கு," என்றான் புருஷன்.

"அதுல யாராவது கை வெச்சீங்க, தெரியும் சேதி! முத்தத்தோடயே கண்காட்சிக்குப் போகட்டும்."