விரிந்த கண்மணி

"சார், அந்தப் பொட்டியாண்ட இவள உக்கார வெச்சுப் பாருங்க. மனசுல எவன் இருக்கான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

தனகோட்டி இப்படிக் கேட்டது, மெட்ராஸிலிருந்து செஞ்சிக்கு வந்திருந்த மனோதத்துவப் பேராசிரியர் ராமகிருஷ்ணனிடம். 'இவள்' என்றது கட்டின பொண்டாட்டி மீனம்பாளை. அவள் வெளியே வெயிலில் நின்றிருந்தாள். எதற்கு வந்திருக்கிறோம் என்றுகூட அவளிடம் யாரும் சொல்லவில்லை.

அந்த 1966-ல் செஞ்சியில் கோட்டையைவிட ராமகிருஷ்ணனின் மரப்பெட்டிக்குத்தான் மவுசு. ஓட்டையில் கண்ணை வைத்தால் உள்ளே விளக்கு வெளிச்சத்தில் படம் தெரியும். பக்கத்து ஓட்டையில் லென்ஸ் வழியாக அவர் நம் கண்ணைப் பார்ப்பார். மனசுக்குப் பிடித்ததைப் பார்த்தால் கண்ணின் நடுவில் இருக்கிற கருப்பு மணி தானாக விரியுமாம். வாய் பொய் சொன்னாலும் மணி சொல்லாதாம். அமெரிக்காவில் கண்டுபிடித்ததை நம் ஊர்க் கண்களிலும் சரிபார்க்க வந்திருந்தார்.

"யார் மேலய்யா சந்தேகம்?"

"டீக்கடை கோவிந்தசாமி மேலதான் சார்!" முந்திக்கொண்டாள் தனகோட்டியின் அக்கா அமிர்தவல்லி. புருஷன் போனபிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். அரிசிப் பெட்டிச் சாவி அவள் இடுப்பில்தான். "தண்ணிக்குப் போறப்பல்லாம் அவன் கடையாண்ட நின்னு, வெச்ச கண்ணு வாங்காம பாக்குறா சார். என் கண்ணால பாத்தேன். கண்றாவி!"

"மணி விரிஞ்சுதுன்னா இன்னிக்கே தொண்டூர் பஸ்ல ஏத்திடுவேன். அப்புறம் அவ யாரோ நான் யாரோ" என்றான் தனகோட்டி.

தொண்டூரில் அவளுக்கு இருந்தது ஒரு அண்ணன். அவனுக்கு வாய்த்தவளோ, நாத்தியை வாசப்படி ஏறவிடாதவள். பஸ் ஏற்றினால் மீனம்பாள் கதி அதோகதி.

'இது அதுக்கு இல்லைய்யா, எழுந்து போ' என்று ராமகிருஷ்ணன் விரட்டியிருக்க வேண்டும். எங்கே! ஆராய்ச்சிக்கு ஒரு பெண்பிள்ளை கிடைத்தாளே என்ற சந்தோஷம் அவருக்கு. ஊரில் எடுத்த போட்டோக்களில், தனகோட்டியின் படம் ஒன்றும், கோவிந்தசாமி கடை வாசலில் நிற்கிற படம் ஒன்றும் இருந்தன.

மீனம்பாளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

கோட்டை வந்தது, யானை வந்தது. மணி அப்படியே இருந்தது. ஒரு கைக்குழந்தைக்குக் கொஞ்சம் விரிந்தது. தனகோட்டியின் படத்துக்கு அசையவே இல்லை. அதை அவர் வெளியே சொல்லவில்லை.

பிறகு, தனகோட்டி பார்க்கப் பார்க்க, கோவிந்தசாமியின் படம் பெட்டிக்குள் போனது.

"அடேயப்பா!" என்றார் ராமகிருஷ்ணன், தன்னை மறந்து.

அவ்வளவுதான். தனகோட்டி எகிறிவந்து அவள் கொண்டையைப் பிடித்தான். "பாத்தியாடா தம்பி! நான் சொல்லல?" என்று அமிர்தவல்லி மார்பில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, நான் இன்னா பண்ணேன்?" என்று அலறினாள் மீனம்பாள்.

"விடுய்யா கைய!" ராமகிருஷ்ணன் குறுக்கே விழுந்து தடுத்தார். "ஒரு படத்த வெச்சு முடிவு கட்டக்கூடாது. இன்னொரு தரம் பாக்கணும்."

படத்தில் கோவிந்தசாமியின் முகத்தை மட்டும் விட்டு, மற்றதைக் கருப்புக் காகிதத்தால் மறைத்தார். மணி சுருங்கிக் கிடந்தது. அடுத்து ஆளை மறைத்தார். பாக்கி இருந்தது கடையின் கண்ணாடிப் பெட்டியும், அதில் அடுக்கியிருந்த போண்டாவும்தான்.

மணி விரிந்தது பாருங்கள், முன்னைவிடப் பெரிசாக.

ராமகிருஷ்ணன் லென்ஸிலிருந்து கண்ணை எடுத்தார்.

"நேத்து என்னம்மா சாப்ட்ட?"

மீனம்பாள் நாத்தனாரைப் பார்த்தாள். பதில் அங்கிருந்து வந்தது.

"எல்லாரும் துன்னப்புறம் கடைசியா துன்னுவா. அதான் எங்க வூட்டு வழக்கம்."

"கடைசியில மிச்சம் இருக்குமா?"

"இருந்தா துன்னுவா. ரேசன் அரிசி கெடக்குற கெடையில, பானை நெறையவா வடிக்க முடியும்?"

தனகோட்டிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாவம், தான் கை கழுவி எழுந்த பிறகு பானையில் என்ன இருக்கிறது என்று அவன் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

"மணி இன்னா சார் சொல்லுது?"

"உன் பொண்டாட்டி அந்த ஆளப் பாக்கலய்யா. போண்டாவப் பாத்திருக்கா. பட்டினி கெடக்கறவங்களுக்கு சோத்தப் பாத்தாலும் இப்படித்தான் விரியும். இது வெறும் பசி."

தனகோட்டி இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான். கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது.

"பசிதானா சார்? அப்பாடா! என் வயித்துல பால வாத்தீங்க. அங்காளம்மா எங்க மானத்தக் காப்பாத்திட்டா. வர்ற அமாவாசைக்கு மலையனூர் போயி மொட்டை போட்டுடறேன்!"

அமிர்தவல்லி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள். தனகோட்டி விடவில்லை. பேராசிரியரையும், ஜன்னலில் எட்டிப்பார்த்த நாலு பேரையும் இழுத்துக்கொண்டு நேராகக் கோவிந்தசாமி கடைக்கே போனான். பின்னாலேயே மீனம்பாள் வந்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"கோவிந்தசாமி! உன்னியப் போயி தப்பா நெனச்சுட்டேம்பா. எல்லாருக்கும் சூடா போண்டா வை, டீ போடு. சாருக்கு ஸ்பெஷல்!"

எல்லாரும் சாப்பிட்டார்கள். ராமகிருஷ்ணன் சட்னி கேட்டு வாங்கிக்கொண்டார். நம் ஊர்க் கண்ணிலும் அமெரிக்கக் கணக்கு சரியாக வருகிறது என்று அவருக்கு ஒரே பூரிப்பு.

"அக்கா கோச்சுக்கினு போயிருக்குது. அதுக்கு நாலு போண்டா கட்டு" என்றான் தனகோட்டி.

கட்டிக் கொடுத்த கோவிந்தசாமி ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தான்.

"அந்தம்மாவுக்கு?"

தனகோட்டிக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"ஏம்பா, உனக்கு அறிவு இருக்குதா? நாலு பேரு பாக்க நடுரோட்டுல நின்னு துன்ற அளவுக்கு, எங்க வூட்ல பட்டினியா கெடக்குறா?"